60 செ.மீ. நன்னீர் மீன் தொட்டிக்கு நாமே எல்.இ.டி. விளக்கு அமைப்பது எப்படி?

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் கொண்ட நன்னீர்த் தொட்டிக்கு, கையில் இருக்கும் 5 மீட்டர் 12 வோல்ட் வெள்ளை எல்.இ.டி. ஸ்ட்ரிப்பைக் கொண்டு நீங்களே விளக்குச் செய்ய விரும்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த வெளிச்சத்தில் செடிகள் வளருமா, எத்தனை வரிசை ஒட்ட வேண்டும், சிவப்பும் நீலமும் தனியாகச் சேர்க்க வேண்டுமா, தண்ணீருக்கு மேலே மின்சாரம் இருப்பது ஆபத்தா என்பவை உங்கள் நான்கு கேள்விகள். செடிகள் வளரும், மூன்று வரிசை போதும், சிவப்பும் நீலமும் கட்டாயமில்லை, ஆபத்து உண்டு, ஆனால் அதை முறையாகத் தவிர்க்க முடியும். வெளிச்சத்தை உண்டாக்குவது இந்த வேலையின் எளிய பகுதி என்பதையும், ஈரத்தையும் வெப்பத்தையும் அடக்குவதில்தான் உங்கள் கவனத்தின் பெரும்பகுதி செல்ல வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொட்டியில் மீன்கள் மட்டும் இருந்தால் விளக்கு நம் கண்ணுக்காகத்தான். மீன்களுக்குப் பகல் எது, இரவு எது என்று தெரிந்தால் போதுமானது. மிகுந்த வெளிச்சம் அவற்றுக்குத் தேவையும் இல்லை, பிடிப்பதும் இல்லை. அப்படியானால் ஒரே ஒரு வரிசை ஸ்ட்ரிப் போதும். செடிகள் வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகொரைன் போன்றவை குறைந்த வெளிச்சத்திலேயே நிதானமாக வளரும். வாலிஸ்நேரியாவுக்கும் ஹைட்ரில்லாவுக்கும் நடுத்தர வெளிச்சம் இருந்தால் நல்லது. சிவந்த இலைகள் கொண்ட ரோட்டாலா வகைகளையும் தரையோடு படரும் புல்வகைகளையும் விரும்பினால் வலுவான விளக்கோடு கரியமில வாயுவும் உரமும் தர வேண்டியிருக்கும். ஆகவே எந்தச் செடிகளை வளர்க்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்த பிறகே ஸ்ட்ரிப்பை வெட்டுங்கள்.

பழைய கையேடுகளில் இத்தனை லிட்டருக்கு இத்தனை வாட் என்றொரு விதி காணப்படும். அது குழல்விளக்குக் காலத்து விதி. அக்காலத்தில் ஒரு வாட்டிலிருந்து கிடைத்த வெளிச்சம் விளக்குக்கு விளக்கு அதிகம் மாறவில்லை. இன்று ஒரு வாட்டுக்கு 80 லூமென் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அலகு) தரும் எல்.இ.டி.யும் உண்டு, 150 லூமென் தருவதும் உண்டு என்பதால் வாட்டை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. தோராயமான வழிகாட்டியாக லூமெனைக் கொள்ளலாம்: ஒரு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் வரை குறைந்த வெளிச்சம், 20 முதல் 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் வலுவானது. இன்னும் துல்லியமாகப் பார்க்க விரும்புவோர், செடிக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்று அளப்பார்கள். தரைமட்டத்தில் ஏறத்தாழ 15 முதல் 30 வரை கிடைத்தால் எளிய செடிகள் வாழும். 30 முதல் 50 வரை இருந்தால் பெரும்பாலான செடிகள் செழிக்கும். அதற்கு மேலே போனால், கரியமில வாயுவைத் தனியாகச் செலுத்தாத தொட்டியில் செடியை முந்திக்கொண்டு பாசி வளரத் தொடங்கும்.

அந்த அளவைப் பார்க்கும் கருவி விலை உயர்ந்தது. அதற்குப் பதிலாக ஒரு சாதாரண லக்ஸ் மீட்டர் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) இருந்தால், 6500 கெல்வின் (ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் எண்; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலச்சாயல்) வெள்ளை எல்.இ.டி.க்கு லக்ஸ் எண்ணை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கணக்கு ஓரளவுக்குக் கிடைத்துவிடும். 2,800 லக்ஸ் என்றால் ஏறத்தாழ 40. கைப்பேசியின் உணர்வியை நம்பி இறுதி முடிவு எடுக்க வேண்டாம். இரண்டு இடங்களுக்குள் எது இருண்டது என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும்.

உங்கள் தொட்டியின் கொள்ளளவு 64.8 லிட்டர். மணலும் கல்லும் மேல்விளிம்பு இடைவெளியும் போக, உண்மையில் 55 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். லிட்டருக்கு 25 லூமென் என்று கொண்டால் 1,375 லூமென் தேவை. 2835 வகை எல்.இ.டி. (எண் அதன் அளவைக் குறிக்கும், 2.8 × 3.5 மி.மீ.), மீட்டருக்கு 120 என்ற எண்ணிக்கையில் பதிக்கப்பட்ட 12 வோல்ட் ஸ்ட்ரிப், மீட்டருக்கு 10 வாட்டை ஒட்டி எடுத்துக்கொண்டு 900 முதல் 1,000 லூமென் வரை தரும். அதை 55 செ.மீ. நீளத்தில் மூன்று வரிசையாக ஒட்டினால் மொத்தம் 1.65 மீட்டர், சுமார் 16 வாட், 1,500 லூமென். இந்த வகையில் மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை, அதாவது 2.5 செ.மீ.க்கு ஒரு வெட்டுக்குறி இருக்கும் என்பதால் 55 செ.மீ. சரியாக வெட்டுப்படும். உங்களிடம் இருப்பது 5050 வகை, மீட்டருக்கு 60 என்றால் வெட்டுக்குறி 5 செ.மீ.க்கு ஒன்று, மின்சாரம் மீட்டருக்கு 14.4 வாட் வரை போகும். நீளம் அதே மூன்று வரிசைதான், ஆனால் மின்வழங்கியைப் பெரிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதி ஸ்ட்ரிப்பையும் தொட்டிக்கு மேலேயே ஒட்டிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

உயரம் கூடினால் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது ஒற்றைப் புள்ளியாக எரியும் விளக்குக்குத் திறந்த வெளியில் பொருந்தும் கணக்கு. நீர் நிறைந்த தொட்டியில் நடப்பது வேறு. மேலிருந்து நீருக்குள் நுழையும் கதிர்கள் செங்குத்தை நோக்கி வளைகின்றன. அப்படி வளைந்தவற்றில் பெரும்பாலானவை பக்கக் கண்ணாடியைச் சாய்வாகத் தொடும்போது வெளியேறாமல் முழு அகப் பிரதிபலிப்பால் உள்ளேயே திரும்பி விடுகின்றன. எனவே கண்ணாடிச் சுவர்கள் சுத்தமாக இருக்கும்வரை, அடிப்பகுதிக்கு நாம் அஞ்சும் அளவைவிட அதிக ஒளி சென்று சேர்கிறது. 36 செ.மீ. உயரத்துக்கு லென்ஸ் எதுவும் தேவையில்லை, எல்.இ.டி.யின் இயல்பான 120 பாகைப் பரவலே போதும். நீர்மட்டத்துக்கு மேலே 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் விளக்கை நிறுத்தினால் ஒளி சீராகப் பரவும். தெறிக்கும் துளிகளும் எட்டாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை அல்ல, சில வார்த்தைகள் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். பச்சையம் நீலத்திலும் சிவப்பிலும் ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது என்பது உண்மை. பச்சையம்-ஏ என்ற வகைக்கு உச்சங்கள் 430, 662 நானோமீட்டர் அளவில் இருக்கின்றன. ஆனால் இலை முழுவதையும் எடுத்துக்கொண்டால், இடைப்பட்ட பச்சை ஒளியையும் அது கணிசமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் 450 நானோமீட்டரை ஒட்டிய நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சுப் பூசப்பட்டதுதான். நீலமும், பச்சையிலிருந்து சிவப்பு வரை நீளும் அகலமான ஒளியும் அதிலேயே இருக்கின்றன. எனவே வெறும் வெள்ளையில் செடி வளரும். 6500 கெல்வின் என்பதும் செடிக்கான மந்திர எண் அல்ல. 3000 கெல்வின் மஞ்சள் ஒளியிலும் செடிகள் வளர்கின்றன, நம் கண்ணுக்குத் தண்ணீர் பழுப்பாகத் தெரிவதுதான் குறை. சிவப்பும் நீலமும் மட்டும் உள்ள விளக்கு தொட்டியை ஊதா நிறமாக்கி, மீனின் இயல்பான வண்ணத்தையே மறைத்துவிடும். விருப்பம் இருந்தால் மூன்று வரிசைகளில் நடுவரிசையை மட்டும் 4000 கெல்வின் ஸ்ட்ரிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். சிவந்த இலைகளும் மீன்களின் செம்மையும் உடனே எடுப்பாகத் தெரியும். பொருள்களின் நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறக் காட்டுதிறன் எண் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல் உள்ள ஸ்ட்ரிப் கிடைத்தால் அதுவே மிகச் சிறந்த தேர்வு.

இனி கட்டுமானம். ஸ்ட்ரிப்பை மரப்பலகையிலோ பிளாஸ்டிக் மூடியின் உட்பக்கத்திலோ நேரடியாக ஒட்டாதீர்கள். எல்.இ.டி.க்குள் செல்லும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாகவே மாறுகிறது. முன்பக்கமாக வெளியேறுவது ஒளி மட்டுமே, வெப்பம் பின்பக்கம் வழியாகத்தான் வடிய வேண்டும். வடிய வழியில்லாவிட்டால் ஒளி மங்கும், பூச்சு நிறம் மாறும், ஒட்டுப்பசை இளகி ஒருநாள் ஸ்ட்ரிப்பே தொங்கும். 56 செ.மீ. நீளம், 18 முதல் 20 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ள அலுமினியத் தகடு ஒன்று இந்த 16 வாட்டை எளிதாகத் தாங்கும். தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, முழுமையாகக் காய்ந்த பிறகு, 6 செ.மீ. இடைவெளியில் மூன்று வரிசைகளையும் அழுத்தி ஒட்டுங்கள். ஒரு மணி நேரம் எரிந்த பிறகு தகட்டின் பின்பக்கம் கையை வைத்துப் பார்க்கலாம். இளஞ்சூடாக இருந்தால் சரி, சில விநாடிகளுக்கு மேல் கை வைக்க முடியவில்லை என்றால் வெப்பம் அதிகம். பளபளப்பான சமையல் அலுமினியத் தாளைப் பிரதிபலிப்பானாக ஒட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது மின்கடத்தி, ஒரு மூலை கழன்று இணைப்பில் பட்டாலே குறுக்குச்சுற்று ஏற்படும். வெள்ளை வண்ணம் பூசினாலே போதுமான பிரதிபலிப்புக் கிடைக்கும்.

மூன்று வரிசைகளையும் இணையாக இணையுங்கள்: எல்லா நேர்முனைகளும் ஒன்றாக, எல்லா எதிர்முனைகளும் ஒன்றாக. கிளிப் வகை இணைப்பான்கள் உலர்ந்த அறைக்குச் சரி. தொட்டியின் ஈரக்காற்றில் அவற்றின் தொடுபுள்ளிகள் சில மாதங்களில் அரித்துப்போகும் என்பதால் சால்டரிங் செய்வதையே நான் வலியுறுத்துவேன். 55 செ.மீ. போன்ற குறுகிய நீளங்களில் மின்னழுத்த இழப்புப் பற்றிய கவலை வேண்டாம். 5 மீட்டரை ஒரே தொடராக ஓட்டும்போதுதான் கடைசி முனை மங்கலாக எரியும்.

சால்டர் செய்த இடங்களை எதைக் கொண்டு மூடுகிறீர்கள் என்பது மிக முக்கியம். கண்ணாடித் தொட்டி ஒட்டும் சாதாரண சிலிகோன் பசையைத் தடவினால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. என் முதல் விளக்கில் நானும் அதைத்தான் செய்தேன். அந்தப் பசை காயும்போது காடி வாசனை வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது அசிட்டிக் அமிலம். மூடிய இடத்துக்குள் அந்த அமிலம் செம்புத் தடங்களை அரித்து, நான்கே மாதங்களில் என் விளக்கின் ஒரு முழு வரிசை அணைந்துபோனது. பசையைப் பிரித்துப் பார்த்தபோது சால்டர் மூட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. விளக்குப் போனதைவிட, அந்தச் செம்புக் களிம்பு துளித்துளியாகத் தண்ணீரில் இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது, ஏனெனில் மிகச் சிறிய அளவு செம்பு கூட இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ஆகவே மின்சுற்றுகளுக்கென்றே விற்கப்படும், காடி வாசனை இல்லாத நடுநிலைச் சிலிகோனைப் பயன்படுத்துங்கள். அல்லது உட்புறம் பசை பூசிய வெப்பச் சுருக்குக் குழாயைப் போட்டு மூடுங்கள்.

ஸ்ட்ரிப்பின் மேல் ஐ.பி. 65 அல்லது 67 என்று நீர்த்தடுப்புத் தரம் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். அந்தத் தரம் தொழிற்சாலையிலிருந்து வந்த முழு நீளத்துக்கானது. நீங்கள் வெட்டிய கணத்திலேயே இரு முனைகளும் திறந்துவிடுகின்றன. மேலும் ஸ்ட்ரிப்பின் மேலுள்ள ஒளிபுகும் உறை நாளடைவில் மஞ்சளாகி வெளிச்சத்தைக் குடிக்கும். நான் விரும்பும் முறை, உறையில்லாத ஸ்ட்ரிப்பை ஒட்டி, தொட்டியின் மேல் 4 மி.மீ. கண்ணாடி மூடியைப் பரப்பி, விளக்கை அதற்கு மேலே தனித் தாங்கியில் நிறுத்துவது. ஆவியும் துளியும் கண்ணாடியோடு நின்றுவிடும். தாங்கி உறுதியாக இருக்க வேண்டும். விளக்குத் தண்ணீரில் விழவே முடியாத வகையில், திருகாணியோடு கூடுதலாக ஒரு கம்பியாலும் அதைக் கட்டி வையுங்கள்.

ஆபத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். 12 வோல்ட் நேர்மின்சாரம் தண்ணீரில் பட்டாலும் மனித உயிருக்கு அச்சுறுத்தல் ஆவது அரிது; ஆபத்து இருப்பது அந்த 12 வோல்ட்டை உண்டாக்கும் மின்வழங்கியில். அதன் ஒரு பக்கம் வீட்டு மின்சாரம் இருக்கிறது. எனவே உள்ளீடும் வெளியீடும் மின்மாற்றியால் முழுமையாகப் பிரிக்கப்பட்ட, தரச்சான்று பெற்ற, மூடிய அடாப்டரையே வாங்குங்கள். 16 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 1.35 ஆம்பியர் ஓடும். மின்வழங்கியை அதன் திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் உழைக்க வைக்கக் கூடாது என்பதால் 2 ஆம்பியர் அடாப்டர் பொருந்தும். 5050 ஸ்ட்ரிப் என்றால் 3 ஆம்பியர். அடாப்டரின் இடம் தொட்டியின் மூடிமேல் அல்ல, தொட்டிக்கு நேர் கீழேயும் அல்ல. பக்கவாட்டில், தண்ணீர் வழிந்தாலும் எட்டாத உயரத்தில் அது இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் பிளக்கை அடையும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வயர் வழியே ஓடிவரும் துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டு மின்பெட்டியில் 30 மில்லியாம்பியர் மின்கசிவு அளவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி இல்லையென்றால், விளக்கு செய்வதைத் தள்ளிவைத்து, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு முதலில் அதைப் பொருத்துங்கள். ஹீட்டருக்கும் ஃபில்டருக்கும் சேர்த்து அதுவே காவல். அடாப்டர் இல்லாமல் நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் செருகும் நீண்ட ஸ்ட்ரிப்களை மீன் தொட்டியின் அருகே கூடக் கொண்டுவரக் கூடாது. அவற்றின் ஒவ்வொரு எல்.இ.டி.யிலும் வீட்டு மின்சாரம் நேரடியாகத் தொடர்பில் இருக்கிறது.

பின்னாளில் 45 செ.மீ.க்கு மேல் உயரமான தொட்டிக்கு மாறினால், 3 வாட் தனி எல்.இ.டி.களை ஹீட் சிங்கில் (வெப்பத்தை வடிக்கும் உலோகத் துண்டில்) பொருத்தும் முறை சிறந்தது. அங்கே விதி வேறு: மின்னழுத்தத்தை அல்ல, மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் டிரைவர் வேண்டும். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு 3.2 வோல்ட் அளவு தேவைப்படும். பத்தைத் தொடராக இணைத்தால் 32 வோல்ட். 700 மில்லியாம்பியர், 24 முதல் 40 வோல்ட் வரை என்று குறிப்பிட்ட டிரைவர் அதற்குச் சரியாக அமையும். இவற்றை இணையாக இணைத்து ஒரே டிரைவரில் ஓட்டுவது பிழை. எல்.இ.டி. சூடேறச் சூடேற அதற்குத் தேவையான மின்னழுத்தம் குறைகிறது. கொஞ்சம் அதிகம் சூடான வரிசை அதிக மின்னோட்டத்தை இழுத்து இன்னும் சூடாகி, கடைசியில் கருகிவிடும். ஒவ்வொரு எல்.இ.டி.யின் அடியிலும் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக இருக்க வேண்டும். தடிமனாக அப்பினால் அதுவே வெப்பத்தைத் தடுக்கும்.

சால்டரிங் பழக்கமே இல்லாதவர்களுக்கு, 20 வாட் வெளிப்புற எல்.இ.டி. ஃபிளட் லைட் ஒன்றைத் தாங்கியில் தொங்கவிடுவது போதுமான மாற்று. அலுமினிய உடலும் நீர்த்தடுப்பும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. அதன் உடலுக்கு எர்த் இணைப்பு மட்டும் தவறக் கூடாது.

ஸ்ட்ரிப் விளக்கானால் அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு 12 வோல்ட் டிம்மரும், விளக்கு எதுவாயினும் சுவர்ப் பிளக்கில் ஒரு டைமரும் இருக்கட்டும். இவை இரண்டும் ஆடம்பரமல்ல. புதிதாக நட்ட செடிகளுக்கு வேர் பிடிக்கவே இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அந்தக் காலத்தில் முழு வெளிச்சம் கொடுத்தால் செடியால் பயன்படுத்த முடியாத ஒளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். எனவே பாதி வெளிச்சத்தில், நாளுக்கு 6 மணி நேரம் என்று தொடங்குங்கள். நான்காவது வாரத்திலிருந்து மெல்லக் கூட்டி 8 மணி நேரத்துக்குக் கொண்டு வரலாம். 10 மணி நேரத்துக்கு மேல் எரிப்பதால் செடிக்குக் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. விளக்கு மங்கலாக இருப்பதை நீண்ட நேரம் எரித்து ஈடுகட்ட முடியும் என்பதும் சரியல்ல. ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே செடி தன் சுவாசத்துக்குச் செலவழிப்பதைக்கூடச் சம்பாதிக்காது. ஜன்னல் வழியே நேரடி வெயில் தொட்டியில் விழுமானால் உங்கள் கணக்கெல்லாம் குலையும், திரையிடுங்கள்.

மீன்களுக்குக் கண்ணிமை இல்லை. இருட்டில் திடீரென்று முழு விளக்கும் எரிந்தால் அவை மிரண்டு கண்ணாடியில் மோதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், குறிப்பாக நியான் டெட்ரா போன்ற சிறு மீன்கள். அறை விளக்கை முதலில் போட்டு, அரை மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கு எரியும்படி டைமரை வையுங்கள். இரவில் தொட்டி விளக்கு முதலில் அணையட்டும். மெல்லக் கூடி மெல்லக் குறையும் டிம்மர் கிடைத்தால் இன்னும் நல்லது. மிதக்கும் செடிகள் ஒரு மூலையில் இருந்தால், கூச்ச மீன்களுக்கு ஒதுங்க நிழலும் கிடைக்கும்.

எல்லாம் இணைத்து முடித்ததும் உடனே தொட்டியின் மேல் ஏற்றிவிடாமல், உலர்ந்த மேசைமேல் ஒரு முழு நாள் எரியவிட்டு, அடாப்டரின் சூட்டையும் ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பாருங்கள். மணலும் கல்லும் இட்டு, தண்ணீர் ஊற்றும் முன்பே லக்ஸ் மீட்டரால் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து எழுதி வையுங்கள்; மூலைகளின் அளவு நடுப்பகுதி அளவில் பாதிக்கும் கீழே போனால் வரிசைகளை விலக்கி ஒட்ட வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை, விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடிக் கண்ணாடியின் இருபுறமும் படியும் உப்புப் படலத்தைத் துடையுங்கள். பல தொட்டிகளில் விளக்குப் பழுதானதாகத் தோன்றுவது இந்தப் படலத்தால்தான். தண்டுகள் இலைக்கும் இலைக்கும் இடையே நீண்டு மேல்நோக்கி ஓடினால் வெளிச்சம் போதவில்லை. பழைய இலைகளின் விளிம்பில் பச்சைத் துகள் ஒட்டத் தொடங்கினால் மிகுந்துவிட்டது. எந்தத் திசையில் மாற்றுவதானாலும் டிம்மரைப் பத்து விழுக்காடு மட்டும் திருப்பி, இரண்டு வாரம் காத்திருந்து, புதிதாக வந்த இலைகளைப் பார்த்த பிறகே அடுத்த மாற்றத்தைச் செய்யுங்கள்.